வெயிலூரின் கூரைகளும் வுப்பர்டாலின் மழையும்

மழை ஓயாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, மழையே பெய்யாத ஊரின் கூரைகளை ஒவ்வொன்றாக வரைவதுதான் என் தொழிலாக இருந்தது. கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, இதற்கும் சம்பளம் தருவார்களா என்பார்கள். தந்தார்கள். இருட்டில் வீட்டை விட்டு இறங்கி, இருட்டில் வீடு திரும்பி, நடுவில் இருந்த பகலைக் கணினித் திரையில் மட்டும் பார்த்தவர்கள் உங்களிலும் பலர் இருப்பீர்கள். நேற்றைய மழையில் நனைந்த குடை காயுமுன் இன்றைய மழைக்கு அதை விரித்தவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களும் ஒரு குடையோடு கூட வரலாம்.

அந்த ஊரின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். வட ஆபிரிக்காவில், பாலைவனத்தின் ஓரத்தில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எனக்குள் அதற்கு வெயிலூர் என்று பெயர் வைத்திருந்தேன்.

வெள்ளைத் துணிகள்

ஊரை விட்டு ஜேர்மனியின் வுப்பர்டாலுக்கு வந்த நாளிலிருந்து முதியோர் இல்லமொன்றின் சமையலறையில்தான் வேலை செய்தேன். ஒரு குளிர்காலத்தில் முழங்கால்கள் இரண்டும் ஒன்றாகக் கைவிட்டன. நான் ஊரில் புவியியல் படித்துப் பட்டம் வாங்கியவள் என்ற செய்தி, வேலை தேடித் தரும் அலுவலகத்தின் கோப்பில் எங்கோ அடியில் கிடந்திருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவதி அதைத் தூசு தட்டி எடுத்து, வுப்பர் ஆற்றங்கரையில் பழைய துணி ஆலை ஒன்றின் மூன்றாம் மாடிக்கு என்னை அனுப்பிவைத்தாள். அவை இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். கூரையில் தகடு பதித்து, சூரிய ஒளியில் மின்சாரம் எடுத்து விற்கலாம் என்று சட்டம் வந்திருந்ததால், ஜேர்மனியில் எல்லோரும் தங்கள் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

நிறுவனம் மிகச் சிறியது. முதலாளி லோரன்ஸ், கணக்குப் போடுகிற பிர்கிற், எப்போதும் இருமிக்கொண்டிருக்கும் ஒரு கோப்பி இயந்திரம். உள்ளூர்க்காரருக்குத் தகடு பொருத்திக் கொடுப்பது அன்றாடப் பிழைப்பு. அதற்குமேல் பெரிய வேலையாக வந்து சேர்ந்ததுதான் வெயிலூர். தன் கூரைகளிலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்று அந்த நகராட்சி அறிய விரும்பியது. ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களைத் திரையில் வைத்து, கூரைகளின் விளிம்பை வரைந்து தர ஓர் ஆள் வேண்டும். ஒரு வருட ஒப்பந்தம். அறிக்கை நகராட்சிக்குப் பிடித்தால் அடுத்த கட்ட வேலை வரும். உட்கார்ந்து வேலை செய்யும் என் கதிரையும் நிலைக்கும். பிடிக்காவிட்டால் இந்த முழங்கால்களோடு இன்னொரு சமையலறையில் போய் நிற்க வேண்டும்.

லோரன்ஸ் ஒரு படத்தைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டார். யாரோ வெள்ளைத் துணிகளைத் தரையில் விரித்துக் காயப்போட்டிருப்பது போலத் தெரிகிறது என்றேன். அவர் யன்னலுக்கு வெளியே வழிந்துகொண்டிருந்த மழையை ஒருமுறை பார்த்தார். பிறகு, இங்கே அலுவலகங்களில் பெண்களை அழைக்கும் மரியாதைச் சொல்லோடு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இந்த வேலையில் உங்களுக்கு ஒரு குறைதான் இருக்கும், ஃபிராவ் நாதன். வெயில். அதை நாங்கள் படமாக வரவழைத்துத் தருகிறோம்."

அழகான நிழல்

கூரை வரைவது கேட்கச் சுலபம். நாலு மூலையிலும் சுட்டியை அழுத்தினால் ஒரு கட்டம் வரும். அதற்குள் தண்ணீர்த் தொட்டி இருந்தால் கழிக்க வேண்டும். தொலைக்காட்சிக்கான வட்டத் தட்டு இருந்தால் கழிக்க வேண்டும். பக்கத்து மாடி உயரமாக இருந்தால் அதன் நிழல் விழும் இடத்தையும் கழிக்க வேண்டும். மிஞ்சுவதுதான் மின்சாரம்.

சிக்கல் என்னவென்றால், வெயிலூரில் கூரையும் வெள்ளை, தெருவும் வெள்ளை. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடும். நிழலுக்கு மட்டும்தான் அங்கே கத்தியால் வெட்டியது போல் விளிம்பு இருக்கும். அந்த விளிம்பின் அழகில் மயங்கி, முதல் வாரங்களில் ஒரு தெரு முழுக்க வீடுகளை விட்டுவிட்டு வீடுகளின் நிழல்களை வரைந்து வைத்திருந்தேன். பிர்கிற் என் மகள் வயதுக்காரி. என் திரைக்கு முன் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். என் முகம் கோணக்கூடாது என்று சொற்களைத் தேடுகிறாள் என்று தெரிந்தது. கடைசியில் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னாள்: "இவ்வளவு அழகாக யாரும் நிழல் வரைந்து நான் பார்த்ததில்லை. ஆனால் இதிலிருந்து ஒரு விளக்கும் எரியாது."

வெயிலோடு வேலை

மார்கழியில் காலை எட்டு மணிக்கும் விடிந்திருக்காது. எங்கள் ஊரின் தொங்கு ரயில் ஆற்றுக்கு மேலே ஆடி ஆடிப் போகும்போது, கண்ணாடியில் மழைத்துளிகளும் தெருவிளக்குகளும் சேர்ந்து ஓடும். மேசையில் வந்து அமர்ந்து படத்தைத் திறந்தால் உச்சிப் பகல். கண் கூசும். நாளெல்லாம் அந்த நாட்டின் நண்பகலில் இருந்துவிட்டு, மாலையில் மறுபடி ஈரக் கோட்டுக்குள் கையை நுழைக்கும்போது, நெடுந்தூரம் பயணம் செய்து வந்தவள் போல் உடம்பு வலிக்கும். கணவர் இறந்துபோன பிறகு வீட்டில் விளக்குப் போட்டு வைக்கவும் ஆள் இல்லை. அந்த நாட்களில் நான் மழையைத் திட்டாத நாள் கிடையாது. மழைக்கு நான் வைத்திருந்த பெயர்களை இங்கே எழுதினால் நன்றாக இராது.

எந்நேரமும் சோர்வு என்று மருத்துவரிடம் போனேன். இரத்தத்தைச் சோதித்துவிட்டு, உடம்பில் வெயில் போதாது, அதனால் எலும்புக்கு வேண்டிய சத்தும் போதாது என்றார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். வெயிலைக் கணக்கெடுக்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. மருந்துச் சீட்டை எழுதி நீட்டியபடி சொன்னார்: "அப்படியானால் வீட்டுக்குப் போகும்போது அதில் கொஞ்சம் கையோடு எடுத்துப் போங்கள்."

சிவபாதத்தின் கூரை

சூரியன் சம்பந்தப்பட்ட இடத்தில் எனக்கு வேலை என்று தெரிந்ததும், வுப்பர்டால் தமிழர் மத்தியில் நான் ஒரு நிபுணி ஆகிவிட்டேன். கோயில் தேர் அன்றுகூட ஒருவர் தன் கூரையின் படத்தை என்னிடம் நீட்டினார். எங்கள் தெருவில் வீடு வாங்கியிருந்த சிவபாதம் அதோடு விடவில்லை. லோரன்ஸை வீட்டுக்குக் கூட்டி வரச் சொல்லி, வடையும் சுட்டு வைத்திருந்தார்.

வீட்டுக் கூரை வடக்கே சரிந்திருந்தது. மிச்சமிருந்த கொஞ்ச வெளிச்சத்தையும் பக்கத்து வீட்டுப் பீச் மரம் மறைத்தது. வெட்டச் சொல்லிக் கேட்கலாமா என்றார் சிவபாதம். இந்த நாட்டில் அயலவரோடு பகைக்க அதைவிடச் சிறந்த வழி இல்லை என்று லோரன்ஸ் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். கடைசியில் தெற்கே பார்த்திருந்த கார்க் கொட்டகையின் கூரையில் சில தகடுகள் பொருத்தலாம் என்று முடிவானது. அடிக்கடி துடைக்க வேணுமோ என்று சிவபாதம் கேட்டார். லோரன்ஸ் எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்கிற பதிலைச் சொன்னார். பராமரிப்பு ஒன்றும் இல்லை, மழை பார்த்துக்கொள்ளும் என்பதுதான் அது. அதைப் பலமுறை கேட்டிருந்ததால் எனக்கு மொழிபெயர்க்க யோசனையே தேவைப்படவில்லை. சிவபாதத்துக்கு மரத்தின் மேல்தான் இன்னும் மனத்தாங்கல். அதை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார்: "ஊரிலை வெயிலுக்கு ஒதுங்க மரத்தைத் தேடி ஓடினம். இஞ்சை மரத்திட்டைக் கெஞ்சி வெயில் வாங்க வேண்டிக் கிடக்கு, அக்கா."

தடைகள்

கோடையில் எடுத்த புதிய படங்கள் வந்தபோது, வெயிலூரின் கூரைகளில் முன்பு இல்லாத சின்னச் சின்ன நீள்கட்டங்கள் முளைத்திருந்தன. ஒரு கூரையில் இரண்டு, இன்னொன்றில் ஐந்து, வரிசையாக. புகைபோக்கி இல்லை, தொட்டியும் இல்லை. வெளிச்சம் வர விட்ட கண்ணாடியாக இருக்கும் என்றார் லோரன்ஸ். யாரோ நமக்கு முன்பே தகடு பொருத்திவிட்டார்கள் என்று பிர்கிற் பயந்தாள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் தடைகள் என்ற பிரிவில் சேர்த்துக் கழித்துவிட்டேன்.

வெயிலூர் நகராட்சியில் இந்த வேலைக்குப் பொறுப்பானவர் நாதியா என்ற பொறியியலாளர். ஆங்கிலத்தில் பேசுவார். லோரன்ஸின் ஆங்கிலம் இலக்கங்களோடு நின்றுவிடும். எங்கள் கல்லூரியில் கன்னியாஸ்திரிகள் அடித்துப் புகட்டிய ஆங்கிலம் அன்றுதான் எனக்குக் கைகொடுத்தது. அன்றிலிருந்து தொலைபேசியில் அவரோடு பேசுவதும் என் வேலையாயிற்று. அந்த நீள்கட்டங்களைப் பற்றி நான் சுற்றி வளைத்துக் கேட்டேன். மறுமுனையில் வயிறு குலுங்கச் சிரிக்கும் சத்தம். மூச்சு வந்ததும் சொன்னார்: "அவை கட்டில்கள், மேடம். கோடையில் நாங்கள் மேலேதான் தூங்குவோம். எங்களையுமா தடைகளில் சேர்த்தீர்கள்?"

ஒரு கதிரை

இலையுதிர்காலத்தில் அறிக்கை முடிவை நெருங்கியது. என் ஒப்பந்தமும்தான். வேலை தேடித் தரும் அலுவலகம் முன்கூட்டியே ரெர்மின், அதாவது சந்திப்பு நேரம், கொடுத்து என்னை வரச் சொல்லியிருந்தது. அங்கே இருந்த பிள்ளை மரியாதையாகவே பேசினாள். பெரிய சமையலறைகளில் எப்போதும் ஆள் தேவை என்றாள். நான் முழங்காலைப் பற்றிச் சொன்னேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் ராணியின் கடைக்குள் போனேன். ஆற்றங்கரை வீதியில் கறித்தூள், முருங்கைக்காய், சாம்பிராணி எல்லாம் விற்கிற சின்னக் கடை. மழையைத் திட்டியபடி உள்ளே போனவள், திட்டு முடிந்த பிறகும் அங்கேயே நின்றேன். ராணி தேத்தண்ணி ஊற்றினாள். வெயிலூர் சம்மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கடைசியில் நானாகவே சொல்லி முடித்தேன். அந்தக் கடையில் அவள் ஒருத்திக்கே வேலை போதாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அப்படியிருந்தும் வெங்காய மூட்டையை ஓரமாக இழுத்து இடம் காட்டிச் சொன்னாள்: "அந்தச் சனம் ஓம் எண்டால் நல்லது. இல்லாட்டி காசுப் பெட்டிக்குப் பக்கத்திலை இதிலை ஒரு கதிரை போடுறன். உங்களுக்கு நிண்டு வேலை செய்ய ஏலாது, அக்கா. இருந்து செய்யுங்கோ."

விரல்

பிர்கிற்றின் கணக்கு முடிந்தபோது அவளாலேயே நம்ப முடியவில்லை. வெயிலூரின் கூரைகளில் பாதியைத் தகடுகளால் மூடினாலே, அந்த ஊருக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு மின்சாரம் வரும். லோரன்ஸ் ஆப்பிள் கேக் வாங்கி வந்தார். அந்த எண்ணை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டு, அதைக் கையோடு வாங்கிப் போக நாதியாவையும் அழைத்திருந்தோம்.

அவர் வந்த அன்று வழக்கம்போல மழை. வாடகைக் கார் ஆலை முற்றத்தில் வந்து நின்றது. நான் குடையோடு இறங்கிப் போனேன். நாற்பது வயதிருக்கும், கறுப்புக் கோட்டு, தலையில் நீலத் துணி. காரிலிருந்து இறங்கியவர் என் குடையை மெல்லத் தள்ளிவிட்டு, முகத்தை மேலே தூக்கியபடி முற்றத்தின் நடுவில் நின்றார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. மேலே யன்னலில் லோரன்ஸும் பிர்கிற்றும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் குடையை வைத்துக்கொண்டு அவரோடு நானும் நனைந்தேன். திட்டுவதற்கு ஒரு சொல்லும் வரவில்லை.

கேக்குக்கு முன், கூரையில் நாங்கள் சோதனைக்கு வைத்திருந்த தகடுகளைப் பார்க்க வேண்டும் என்றார். இரும்புப் படிகளில் என் முழங்காலைப் பிடித்துப் பிடித்து நானும் ஏறினேன். மழை விட்டிருந்தது. நாதியா ஒரு தகட்டின் மேல் சுட்டுவிரலால் நீளமாக ஒரு கோடு இழுத்து, விரலைத் திருப்பிப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது. இதை எவ்வளவு நாளைக்கு ஒருமுறை துடைக்கிறீர்கள் என்று கேட்டார். லோரன்ஸ் சந்தோஷமாக, மழை பார்த்துக்கொள்ளும் என்ற தன் பதிலைச் சொன்னார். நானும் வழக்கம்போல யோசிக்காமல் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லி முடிக்கும்போதுதான் அது என் காதிலேயே விழுந்தது. நாதியா தன் சுத்தமான விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை, கேலியும் இல்லை. "இங்கே உங்களுக்கு நல்ல வேலையாள் கிடைத்திருக்கிறார்" என்றார். "எங்கள் ஊருக்கு அவர் வருவதே இல்லை."

எங்கள் ஊர் அழுக்கு

நாங்கள் அழுக்கை மறந்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. கணக்கில் அழுக்குக்கு ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தில் வுப்பர்டாலின் அழுக்கைப் போட்டிருந்தோம். கொஞ்சம் மகரந்தம், கொஞ்சம் பறவை எச்சம், அதையும் அடுத்த மழை கொண்டுபோய்விடும். வெயிலூரில் ஒரு காரைச் சில நாட்கள் நிறுத்தி வைத்தாலே கண்ணாடிப் புழுதியில் விரலால் பெயர் எழுதலாம் என்றார் நாதியா. கழுவலாம்தான், ஆனால் குடிதண்ணீரே வண்டியில் வரும் ஊர் அது. மழைக்குள் பிறந்து வளர்ந்தவர்கள் லோரன்ஸும் பிர்கிற்றும். அவர்களை விடுங்கள். செம்மண் புழுதியில் நடந்து பள்ளிக்கூடம் போன எனக்கும் அது தோன்றவில்லை. இத்தனை வருட மழை என்னையும் கழுவிவிட்டிருந்தது.

அன்று கேக்கை யாரும் தொடவில்லை. மறுநாள் காலை பிர்கிற் புழுதியைச் சேர்த்துக் கணக்கை மறுபடி போட்டாள். எண் சுருங்கிக்கொண்டே வந்தது. மாதக்கணக்கில் துடைக்காமல் விட்டால் என்ன மிஞ்சும் என்று போட்டுப் பார்த்தவள், அதைச் சத்தமாக வாசிக்கவில்லை. இதே வேலைக்கு வேறு இரண்டு நிறுவனங்களும் அறிக்கை கொடுக்கின்றன என்பது எங்களுக்குத் தெரியும். அவர்களும் நிச்சயம் பெரிய எண்ணோடுதான் வருவார்கள். பெரிய எண்ணை அப்படியே வைத்துவிட்டு, புழுதியைப் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் போடலாம். பொய்யாகாது என்றாள் பிர்கிற். அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்த்தாள். எனக்காகத்தான் சொன்னாள். என் ஒப்பந்தம் முடிய இருந்த நாட்கள் அவளுக்கும் தெரியும். அந்த நிமிடம் சமையலறையின் ஈரத் தரை என் கண்ணுக்குள் வந்து போனது.

லோரன்ஸ் யன்னலருகே நின்றார். வெளியே மழை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. திரும்பி முதலில் என்னிடம் மன்னிப்புக் கேட்பது போல் தலையை அசைத்தார். பிறகு பிர்கிற்றிடம் சொன்னார்: "புழுதியை முதல் பக்கத்தில் போடு. அந்த ஊரில் காலையில் எழுந்தால் கண்ணில் முதலில் படுவது அதுதானே."

மழைக்குத் தேத்தண்ணி

நாதியா அந்த மெலிந்த எண்ணோடு ஊருக்குப் போனார். நாங்கள் காத்திருந்தோம். காத்திருக்கும் அலுவலகத்தில் கோப்பி இயந்திரம் இருமுவதுகூடச் செய்தி போலக் கேட்கும். நான் மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தேன். பிறகு சுத்தம் செய்ய ஒன்றும் இல்லாததால் மீண்டும் சுத்தம் செய்தேன்.

அந்த நாட்களில்தான் சிவபாதத்தை வழியில் கண்டு நடந்ததைச் சொன்னேன். அவருடைய கொட்டகைத் தகடுகள் பொருத்தி முடிந்து, மீற்றர் ஓடுவதைப் பார்க்கத் தினமும் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் நிற்கிறார் என்று அவர் மனைவி முறைப்பட்டுக்கொண்டிருந்த நேரம். கதையை முழுவதும் கேட்டவர், உடனே என்னைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஏணியில் ஏறித் தகட்டைத் தடவிப் பார்த்து, சுத்தமான விரலை எனக்குக் காட்டினார். தூறல் தொடங்கியிருந்தது. ஏணியை விட்டு இறங்காமலே சொன்னார்: "அப்ப இவ்வளவு நாளும் சம்பளமில்லாமல் ஒரு ஆள் நிண்டு வேலை செய்திருக்கு. ஒரு தேத்தண்ணியாவது குடுத்திருக்கலாம் என்ன, அக்கா?"

புழுதி எழுதியவர்கள்

தொலைபேசி வந்தபோது நான்தான் எடுத்தேன். நாதியா வணக்கம் சொன்ன உடனேயே லோரன்ஸும் பிர்கிற்றும் என் மேசைக்கு வந்து நின்றுவிட்டார்கள். நான் கேட்பதா, மொழிபெயர்ப்பதா, அவர்கள் முகத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் தடுமாறினேன்.

ஊர் முழுவதும் தகடு போடும் திட்டம் இப்போதைக்கு இல்லை என்றார். அதைச் சொன்னதும் பிர்கிற் என் தோளில் கை வைத்தாள். நாதியா தொடர்ந்தார். முதலில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றின் கூரையில் மட்டும் போடப்போகிறார்கள். எவ்வளவு புழுதி விழுகிறது, அதைத் தண்ணீர் செலவில்லாமல் எப்படித் துடைப்பது, துடைத்தால் எவ்வளவு மின்சாரம் மீளுகிறது என்று சில வருடங்களுக்குப் பார்க்க வேண்டும். அந்தக் கண்காணிப்பு வேலை எங்களுக்கு. ஒவ்வொரு மாதமும் அவர்கள் அனுப்பும் படங்களையும் அளவுகளையும் ஒருவர் உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். முதலில் கூரைகளை வரைந்த அதே ஆள் இருந்தால் நல்லது என்று நகராட்சி எழுதியிருக்கிறதாம். மொழிபெயர்க்க என்னால் முடியவில்லை. தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டேன். லோரன்ஸ் தன் இலக்க ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறி, பெரிய எண் கொடுத்த மற்றவர்களை விட்டு ஏன் எங்களை எடுத்தீர்கள் என்று கேட்டார். நாதியாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது: "எங்கள் ஊரில் வெயில் இருக்கிறது என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். அது எங்களுக்கே தெரியும். புழுதியும் இருக்கிறது என்று எழுதியவர்கள் நீங்கள் மட்டும்தான்."

எங்கள் ஆள்

அந்தக் கதிரையில் நான் ஓய்வு பெறும்வரை இருந்தேன். பள்ளிக்கூடக் கூரையின் முதல் படம் வந்தபோது பிர்கிற் அதை அச்செடுத்துக் கோப்பி இயந்திரத்துக்கு மேலே ஒட்டினாள். சூரியன் ஏறுமுன் எடுத்த படம். இரண்டு பெண்கள், நீளத் தடியில் கட்டிய மென்மையான துடைப்பத்தால் தகடுகளைத் துடைக்கிறார்கள். அவர்கள் துடைத்த பாதி கறுப்பாக மின்னுகிறது. மற்றப் பாதி மண் நிறம். ஒருத்தி படம் எடுப்பவரைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். அங்கே மழை செய்யாத வேலைதான் அவர்களுக்கு வேலையானது, எனக்கும் அப்படித்தான். கோப்பி ஊற்றப் போகும்போதெல்லாம் அவர்களுக்கு மனதுக்குள் ஒரு வணக்கம் சொல்வேன். எங்கள் சோதனைத் தகடுகளை நனைத்துக்கொண்டிருக்கும் மழையைத் திட்டும் பழக்கம் எப்போது விட்டுப்போனது என்று தெரியவில்லை.

கடைசி நாளன்று ராணி பொரித்துக் கொடுத்தனுப்பிய பற்றிசும் லோரன்ஸின் ஆப்பிள் கேக்கும் ஒரே தட்டில் இருந்தன. பிர்கிற் அழுதாள், நான் அழவில்லை, வீட்டில் போய் அழுதேன். மாலையில் தொங்கு ரயில் நிலையம்வரை லோரன்ஸ் தன் பெரிய குடையை எனக்கு மேல் பிடித்தபடி நடந்து வந்தார். அவருடைய ஒரு தோள் முழுவதும் நனைந்திருந்தது. படியடியில் நின்று, கை கொடுத்து, மேலே பார்த்துச் சொன்னார்: "நாளைக்கும் மழையாம், ஃபிராவ் நாதன். எங்கள் ஆள் மட்டும் ஓய்வு பெறுகிற யோசனையில் இல்லை."

வெயிலைக் கணக்கெடுத்துச் சம்பளம் வாங்கிக்கொண்டு, நாள் தவறாமல் மழையைத் திட்டி வந்த எனக்கு, கடைசியில், இங்கே பெய்தும் வெயிலூரில் பெய்யாமலும், ஓய்வூதியம்வரை வேலை வாங்கித் தந்தது அந்த மழைதான்.